மருதத்து நண்பகல்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரைத் திங்களில், முதுகலை வகுப்பில் நற்றிணையின் 60ஆம் பாட்டைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். அது தூங்கலோரியார் பாடிய மருதப் பாட்டு. எருமை பூட்டி உழும் உழவன் ஒருவனை விளித்துத் தோழி பேசுகின்றாள். அவன் இரவில் உறக்கம் கொள்ளாது எழுந்து, குளிர்ந்து புலரும் விடியற்காலத்தில் வரால்மீன் துண்டங்களொடு சோற்றை நிறைய உண்டு, நாற்று நடும் பெண்டிரோடு வயலுக்குப் புறப்படுகின்றான். அவ்வயலில் நிற்கும் கோரையையும் நெய்தலையும் களைந்துவிடாமல் காக்குமாறு அவள் வேண்டுகின்றாள். அவை தலைவிக்கு வளையும் உடையுமாகப் பயன்படுவன.

பாட்டின் உள்ளுறையை விளக்கி முடித்தபொழுது, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவர் எழுந்து ஓர் ஐயம் வினவினார். விடியலில் வயலில் இறங்கிய அப்பெண்டிர் கரையேறியபொழுது எந்நேரமாக இருந்திருக்கும் என்பதே அவர் வினா. தம் தாயார் நடவுக்குச் செல்பவர் என்றும், பாட்டு முடிகின்ற இடத்தில்தான் அவருடைய வேலைநாள் தொடங்குகிறது என்றும் அவர் கூறினார். அன்று அவ்வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. உரைகளைப் புரட்டிப் பார்த்தும் விடை கிடைத்திலது.

அவ்வினாவின் வழியே எழுந்தது இக்கட்டுரை. மருதநிலத்தைப் பாடிய நம் நூல்களில் நண்பகல் எங்கே உள்ளது? அந்நண்பகலில் வெட்டவெளியில் நின்று உழைத்தவர்களின் வெயில் தாங்கும் ஆற்றலை நம் புலவர்கள் எவ்வாறு கண்டனர்? 'வெயில் அவர்களுக்குப் பழகிப்போனது' என்று இன்றும் எளிதாகச் சொல்கின்றோமே, அக்கூற்றுக்கு நூல்களில் சான்று உண்டா? இவற்றைக் காவிரி நாட்டோடு தொடர்புடைய நூல்கள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

திணையும் பொழுதும்

தொல்காப்பியம் மருதத்திற்கு உரிய சிறுபொழுதாக வைகறை விடியலைக் கூறுகின்றது. மருதத்திற்கெனத் தனியே பெரும்பொழுது கூறப்படாமையின், ஆறு பருவங்களும் அதற்கு உரியன என உரையாசிரியர் கொள்வர். நண்பகலும் வேனிலும் பாலைக்கு உரியன. வெயிலின் கொடுமையைப் பாடவேண்டின் புலவன் பாலைக்குச் செல்லல் வேண்டும் என்பது மரபாயிற்று.

இம்மரபில் நோக்கற்பாலது ஒன்று உண்டு. பாலை என்பது தனிநிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் காணப்படும் கருத்து. திரியும் நிலங்களுள் மருதம் எண்ணப்படவில்லை. ஆயின் தஞ்சைப் பகுதியில் பங்குனி சித்திரையில் வயல்வெளியைக் கண்டவர்கள் அதன் திரிபை நன்கு அறிவர். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னதாக ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் காய்ந்து பறிக்கப்பட்டபின், களிமண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். நிழல் தரும் மரம் வரப்பில் அரிது. பயறு பறிப்பும், எருவடித்தலும், கோடையுழவும், வாய்க்கால் தூர்வாருதலும் அவ்வெயிலில்தான் நிகழ்வன. 1934இல் மேட்டூர் அணை அமைந்தபின் சூன் 12ஆம் நாள் நீர் திறத்தல் வழக்கமாயிற்று. அந்நீரை எதிர்நோக்கிக் குறுவைக்கு நாற்றங்கால் விடுவது வெப்பம் தணியாத காலத்தில் ஆகும்.

ஈண்டு ஒரு தடை எழும். திணை என்பது புலனெறி வழக்கம், நிலநூல் அன்று. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பரத்தையிடமிருந்து தலைவன் மீளும் நேரம் விடியல். ஆகவே விடியல் மருதத்திற்கு உரியதாயிற்று. அங்கே நண்பகலைத் தேடுதல் முறையன்று என்பர். இத்தடை பொருத்தமுடையதே. பழம்புலவரைக் குறைகூறுவது எம் கருத்தன்று. பாட்டின் மரபை நாட்டின் இயல்பாகக் கொண்டு, மருதம் என்றாலே தண்மை, வளம், விழா எனப் பிற்காலத்தார் எழுதிப் பழகியதே ஆராயத்தக்கது. மு. வரதராசனாரும் தனிநாயக அடிகளும் சங்கப்பாட்டின் இயற்கையை மாந்தர் உணர்வுக்குப் பின்புலமாக விரித்துக் காட்டினர். கா. சிவத்தம்பி திணைக் கோட்பாட்டை உற்பத்தி வாழ்வோடு இணைத்து 1974இல் எழுதினார். அதன்பின் உழைப்பு ஆய்வுக்குரிய பொருளாயிற்று. உழைப்போர் உடல்மீது பொழுது எவ்வாறு பட்டது என்னும் வினா மட்டும் பின்தங்கி நின்றது.

மருதத்தில் வேனிலைப் பாடிய பாட்டே இல்லை என்பதும் பொருந்தாது. கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையின் இறுதிப் பகுதி நல்ல சான்று. ஞாயிறு கதிர் பரப்ப, செடிகள் கரிய, மலையருவிகள் வற்ற, முகில் கடல்நீர் முகத்தலையும் மறந்த கொடிய வறட்சியை முடத்தாமக்கண்ணியார் முதலில் அடுக்கிக் காட்டுகின்றார். அத்தகைய காலத்திலும் காவிரி நுரை பொங்க வருகின்றது, மகளிர் நீராடுகின்றனர், உடல் வளைந்து அரிவாளால் நெல்லை அரிந்து மலைபோலச் சூடு குவிக்கின்றனர், ஒரு வேலியில் ஆயிரம் கலம் விளைகின்றது. வேனிலும் அரிவோரும் ஒரே தொடரில் வந்துவிட்டனர். எனினும் இரண்டுக்கும் இடையில் ஆறு பாய்கின்றது. வெப்பம் ஆற்றின் பெருமையைக் காட்டும் அளவுகோலாக நின்றுவிடுகின்றது. வளைந்த முதுகு வரை அது வந்து சேரவில்லை. அரிவோர் உடலைப் பற்றிப் புலவர் கூறியது அவ்வளைவு ஒன்றே. அதுவேனும் கூறினாரே என்று மகிழ்தல் வேண்டும்.

கண்ணகியின் அடியும் கடைசியர் பாட்டும்

வெயிலில் வாடும் உடலைப் பாடத் தமிழ்ப்புலவர் அறியாதவர் அல்லர். உடன்போக்கில் சென்ற மகளை எண்ணிச் செவிலியும் நற்றாயும் புலம்பும் பாலைப் பாட்டுக்களில் அடியின் மென்மை, நிலத்தின் கொதிப்பு, நிழலின்மை, நாவறட்சி ஆகிய அனைத்தும் நுட்பமாக வருகின்றன. ஆனால் அந்நுட்பம் முழுவதும் வெயில் பழகாத உடலுக்கே உரியதாக உள்ளது. செல்வமனையில் வளர்ந்தவள் வெயிலில் நடப்பது துன்பமாகின்றது. நாள்தோறும் வெயிலில் நிற்பவள் நிற்பது செய்தியாவதில்லை.

இவ்வேறுபாட்டை ஒரே காதையில் அருகருகே காணும் வாய்ப்பைச் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை தருகின்றது. கோவலனும் கண்ணகியும் வைகறையில் புகாரை நீங்கிக் காவிரிக் கரைவழியே நடக்கின்றனர். ஒரு காதம் செல்வதற்குள் கண்ணகி இளைத்துவிடுகின்றாள். மதுரை எது என வினவுகின்றாள். முப்பது காதத் தொலைவைக் கோவலன் நயமாகச் சொல்லி ஆற்றுகின்றான். உடன் வர இசைந்த கவுந்தியடிகள் வழியின் இடர்களைக் கூறும்பொழுது, வெயில் பொறாத மெல்லியலாளை எண்ணிச் சோலை நிழலின் வழியே செல்லலாமா, வயல்வழியே செல்லலாமா என ஆராய்கின்றார். பின்னர்ப் புறஞ்சேரியிறுத்த காதையில், பகல்வெயில் கண்ணகியால் தாங்கற்கரிது என்று கருதி இரவில் நிலவொளியில் நடக்கத் துணிகின்றனர். அவளுக்காக வழி மாற்றி எண்ணப்படுகின்றது, பொழுதும் மாற்றப்படுகின்றது.

அதே நாடுகாண் காதையில் அவர்கள் கடந்து செல்லும் வயல்களில் வேறு பெண்டிர் உள்ளனர். தோளிலும் மார்பிலும் சேறு படிந்த கோலத்தோடு, கள்ளுண்ட மயக்கத்தில் கடைசியர் பாடும் பாட்டு ஒலிக்கின்றது. ஏரொடு நிற்போர் ஏர்மங்கலம் பாடுகின்றனர். நெல் குவித்தோர் முகவைப் பாட்டுப் பாடுகின்றனர். வழிநடை வருத்தம் அறியாமல் நடக்க இவ்வொலிகள் நடப்போர்க்குத் துணையாகின்றன. ஒரு வெயில், ஒரு காவிரிக்கரை, இரு திறப் பெண்டிர். ஒருத்தியின் அடி நோகின்றது, மற்றவர் பாடுகின்றனர்.

இளங்கோவடிகள் இவ்விரண்டையும் ஒப்பிட்டு எதுவும் கூறவில்லை. காப்பியத்தின் கண் கண்ணகிமேல் உள்ளது, அது தக்கதே. ஆயினும் பாட்டுக் கேட்கின்றது என்பதனால் அங்கே வருத்தம் இல்லை எனக் கொள்ளுதல் படிப்போர் செய்யும் பிழை. கூட்டுப் பாட்டு நடவில் இன்பத்திற்காக மட்டும் பிறந்ததன்று. குனிந்த முதுகுகள் ஒரே சீராகப் பின்னோக்கி நகர்வதற்கும், பொழுது நீள்வதை மறப்பதற்கும் அது கருவியாகும். நடவு வயலில் கதிரவன் முதுகில் காய்வான். நீரில் பட்ட ஒளி முகத்தில் எறிக்கும். சேற்றிலிருந்து ஆவி எழும். அந்நிலையில் முன்பாட்டுப் பாடுகின்றவள் கூட்டத்தின் மூச்சை அளந்து கொடுக்கின்றாள். நாட்டுப்பாடல் தொகுப்புக்களைப் பயின்றோர், நடவுப் பாடல்களில் பொழுதைப் பற்றிய பேச்சு அடிக்கடி வருதலை அறிவர். தன் நிழலைத் தன் அடியால் அளந்து நேரம் கண்டவர்கள் அவர்கள். மருதத்து நண்பகலைப் பாடிய நூலைத் தேடுவோர் ஏட்டை விடுத்து அப்பாடல்களிடம் முதலில் செல்லல் வேண்டும்.

சேக்கிழார் காட்டும் நிழல்

ஏட்டிலக்கியத்தில் இப்பொருளை மிக நெருங்கி வந்தவர், எம் கருத்தில், சேக்கிழாரே. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணத்தில், கொள்ளிடக்கரை ஆதனூரைக் கூறும் திருநாளைப்போவார் புராணத்தில், புலைப்பாடியின் காட்சி சில பாடல்களில் விரிகின்றது. கூரைமேல் சுரைக்கொடி படர்ந்த குடில்களும், நாய்க்குட்டிகளும், சிறுவர்களும் அங்கே உள்ளனர். அக்காட்சியை இழித்துரைக்காமல் உள்ளவாறு காட்டியமைக்காக அறிஞர் பலர் சேக்கிழாரைப் போற்றியுள்ளனர். யாம் நோக்குவது அக்காட்சியில் வரும் நிழலை.

உழத்தி ஒருத்தி சிறியதொரு தோலை விரித்து அதன்மேல் தன் குழந்தையை உறங்கவைக்கின்றாள். அவ்விடம் மருதமரத்தின் நிழல். அடுத்து வரும் காட்சியில், கோழி கூவும் வைகறையில் வலிமை மிக்க கடைஞர் தொழிலுக்குச் செல்கின்றனர். காஞ்சிமரம் விரித்த நிழலில் பெண்டிர் நெல் குற்றிப் பாடுகின்றனர். வைகறை இங்கும் வந்துவிட்டது, மரபு மாறவில்லை. ஆனால் நிழல் புதியது. வெயில் இல்லாத இடத்தில் நிழலுக்குப் பொருள் இல்லை. குழந்தையைத் தேர்ந்தெடுத்த ஒரு மரத்தடியில் கிடத்தினாள் என்று ஒரு புலவர் கண்டிருப்பாராயின், அம்மரத்துக்கு அப்பால் எரியும் வெளியையும் அவர் கண்டிருத்தல் வேண்டும். சேக்கிழார் வெயிலை விளக்கவில்லை; எவர் எவருக்கு நிழல் கிடைத்தது என்று மட்டும் எழுதினார். குழந்தைக்கு மருதநிழல், நெல் குற்றுவோர்க்குக் காஞ்சிநிழல். வயலுக்குச் சென்ற கடைஞர்க்கு மரம் எதுவும் குறிக்கப்படவில்லை.

திணைக்குப் பெயர் தந்த மருதமரமே இங்கு உழத்தியின் குழந்தைக்குத் தொட்டிலாகும் இடமாக வந்திருத்தல் தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் மருதத்தின் தண்மை என்று புலவர் பலர் பாடிய அத்தண்மை, உழைப்போர்க்கு எவ்வளவு பரப்பில் கிடைத்தது என்பதற்கு இக்காட்சி அளவு தருகின்றது. அது ஒரு தோல் விரிக்கும் அளவு.

கடைஞரைச் சேக்கிழார் வலிமை மிக்கவர் என்கின்றார். அது புகழ்ச்சி, உண்மையும் ஆகும். எனினும் இத்தகைய புகழ்ச்சி வழிவழியாகத் திரும்பத் திரும்ப வரும்பொழுது, வலிமை அவர்தம் உடலின் பிறவிக்குணம் என்ற எண்ணமாக இறுகிவிடுகின்றது. தாங்க வல்லவர் என்று முதலில் போற்றினர். தாங்க வல்லவர் ஆதலின் தாங்குக என்பது அதன் அடுத்த படி.

நாற்பது வேலியும் ஓர் இரவும்

இவ்வடுத்த படியை வெளிப்படையாகக் காட்டுவது 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. காவிரி நாட்டு வேளாண்மையை அருகிலிருந்து கண்டவர் பாரதியார். மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரை ஆண்டையாக அவர் படைத்தார். தில்லைக்குச் செல்ல விடை வேண்டிய நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் பயிர்த்தொழிலை முடித்துவிட்டுச் செல்லுமாறு அவ்வேதியர் விதிக்கின்றார். ஒரு வேலி ஏறத்தாழ 6⅔ ஏக்கர். நாற்பது வேலி 266 ஏக்கருக்கு மேற்பட்டது. இறைவன் அருளால் ஓர் இரவிற்குள் பயிர் விளைந்து முற்றி நிற்கின்றது.

இவ்வற்புதத்தைப் பக்தியின் வெற்றியாகக் காண்பது மரபு. அது தவறன்று. யாம் அதில் வேறொரு பொருளையும் காண்கின்றோம். இந்நிலத்து உழைப்பாளியின் உடலுக்கு எல்லை உண்டு என்பதை ஒரு கதை தன் அமைப்பினாலேயே ஒப்புக்கொண்ட இடம் இது. நந்தன் எவ்வளவு வல்லவனாயினும் அவ்வளவு நிலத்தை அவனால் முடிக்க இயலாது. ஆகவேதான் தெய்வம் வரவேண்டியதாயிற்று. அதுவும் பகலில் வரவில்லை, இரவில் வந்தது. நந்தன் உறங்குகின்ற பொழுதில் வேலை முடிந்தது. நண்பகலில் வயலில் நிற்பவனுக்கு அருள் எவ்வாறு தோன்றும் என்று எண்ணிப் பார்த்தால், அவன் நில்லாத நேரத்தில் வேலை முடிவதாகவே தோன்றும். அந்த விழைவைப் பாரதியார் அறிந்திருந்தார்.

கதைக்கு வெளியே அத்தகைய இரவு எவருக்கும் வாய்க்கவில்லை. தஞ்சைப் பகுதியின் பண்ணையாள் முறையில் ஞாயிறு எழுமுன் தொடங்கிய வேலை, ஞாயிறு மறைந்தபின் முடிந்தது. நீண்ட போராட்டங்களின் பின் 1952இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஊதியத்தையும் வேலைநீக்கத்தையும் பற்றி விதிகள் செய்தது. வெயிலைப் பற்றிய பேச்சு அக்காலத்துச் சட்டத்தில் எதிர்பார்க்கத் தக்கதன்று. பசியும் அடியும் முன்னே நின்றபொழுது வெயில் பின்னே நின்றது இயல்பே.

பழகிய உடல் என்னும் கருத்து

'அவர்களுக்கு வெயில் பழகியது' என்னும் கூற்றை இனி ஆராய்வோம். இலக்கியத் திறனாய்வாளர் உடலியலில் நுழைதல் தகுமோ எனின், ஒரு நூல் கூறும் இயல்பு உண்மையா என்று அறியாமல் அந்நூலின் உண்மைத்தன்மையை மதிப்பிடல் ஒல்லாது என்க.

உடல் வெப்பத்திற்குப் பழகும் என்பது மெய். நாள்தோறும் வெப்பத்தில் உழைப்பவர்க்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வியர்வை விரைந்து தோன்றும், மிகுதியாகப் பெருகும், அதில் உப்புக் குறையும், இதயத் துடிப்பு முன்னைவிடத் தணிந்து நிற்கும். ஆயின் இப்பழக்கம் எவர்க்கும் வரும். பண்ணையாரின் மகன் இரு வாரம் நாற்றுப் பறித்தால் அவருக்கும் வரும். நோயுற்றோ வேறு காரணத்தாலோ சில வாரங்கள் வெயிலில் நில்லாதிருப்பின் உழைப்பாளியிடமிருந்தும் அது நீங்கும். குலத்தோடு பிறப்பது அன்று அது; வழிவழியாக இறங்குவதும் அன்று.

அதற்கு எல்லையும் உண்டு. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமேயன்றி ஆவியாகாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். அது 35 பாகை செல்சியசை எட்டினால் எவ்வளவு பழகிய உடலும் தன்னைக் குளிர்விக்க இயலாது என 2010இல் அறிவியலார் கணித்தனர். உடல்நலம் மிக்க இளைஞரைக் கொண்டு 2022இல் வெளிவந்த ஆய்வுகள், ஏறத்தாழ 31 பாகையிலேயே அவ்வெல்லை தொடங்கிவிடுவதைக் காட்டின. கடலை அடுத்தும் நீர்நிறைந்த வயல்களோடும் உள்ள நாகை, திருவாரூர்ப் பகுதிகளில் இச்செய்தியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வறண்ட பாலையின் வெயிலில் வியர்வையாவது உலரும். மருதத்தின் நண்பகலில் அதுவும் அரிது. வெயிலின் கொடுமையைப் பாலைக்கு மட்டும் வகுத்த மரபை உடலியல் ஒப்புக்கொள்ளாது.

பெண்டிர் நிலை இன்னும் கடிது. ஒதுங்க இடம் இல்லாத வெளியில் வேலை செய்யும் பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார், தமிழகத்தில் கருவுற்ற பெண்கள் 800 பேரைக் கொண்டு 2017 முதல் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு, மிகு வெப்பத்தில் உழைத்தவர்களிடையே கருச்சிதைவு இடர் ஏறத்தாழ இருமடங்காக இருத்தலைக் கண்டது. சேக்கிழாரின் உழத்தி மருதநிழலில் குழந்தையைக் கிடத்தினாள். கருவிலுள்ள குழந்தைக்குத் தாயின் உடலன்றி வேறு நிழல் இல்லை.

ஆகவே 'பழகியது' என்னும் சொல்லில் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று, உடல் ஓரளவு இணங்கியது என்பது, அது மெய். மற்றொன்று, ஆதலின் அவர்க்கு வருத்தமில்லை என்பது, அது பொய். மெய்யைக் காட்டிப் பொய்யையும் ஏற்கச் செய்யும் சொற்களைப் பிரித்துக் காட்டுதல் திறனாய்வின் கடமைகளுள் ஒன்று.

நாவலில் இரவும் பகலும்

இக்காலப் புனைகதை இதனை எவ்வாறு கையாண்டது? 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சார்ந்த 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். கூலி நெல்லைச் சிறிது உயர்த்திக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும் அதன் பின்னணி. அக்கொடுமையை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' எழுதினார். 1977இல் அதற்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. கற்றறிந்து வெளியிலிருந்து வந்தவர் கண்வழியே ஊர் அதில் தெரிகின்றது. ஆதிக்கத்தின் உளவியல் ஆழமாக ஆராயப்படுகின்றது. கதை தீயின் இரவை நோக்கிச் செல்கின்றது. அவ்விரவை எழுதாமல் விடுதல் இலக்கியத்திற்கு இழுக்காகியிருக்கும். எனினும் தீ ஓர் இரவில் நிகழ்ந்தது. வெயில் நாள்தோறும் நிகழ்வது. நாள்தோறும் நிகழ்வதற்குக் கதையில் முடிச்சு இல்லை. ஆகவே அது எளிதில் எழுத்தில் வருவதில்லை.

1982இல் வெளிவந்த ராஜம் கிருஷ்ணனின் 'சேற்றில் மனிதர்கள்' பகலுக்குள் நுழைந்த நாவல். எழுதும் களத்திற்கு நேரில் சென்று, அம்மக்களோடு பழகிச் செய்தி தொகுத்து எழுதுவது அவர் முறை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' என்னும் நாவலை 1979இல் அவ்வாறே எழுதினார். உப்பளத்தில் வெயிலே மூலப்பொருள். வெயில் மிகுந்தால் உப்பு மிகும். உழைப்பவன் உடலும் மிகுதியாக வாடும். அங்கே பெற்ற பார்வையோடு அவர் தஞ்சை வயலுக்கு வந்தார் என்பது எம் கருத்து. நடவும் கூலியும் பெண்டிர் படும் பாடும் சங்க வாழ்வும் இந்நாவலில் வேலைநாளின் பகுதிகளாக வருகின்றன. செய்திகளின் மிகுதி கதையின் ஓட்டத்தைச் சில இடங்களில் தடுக்கின்றது எனக் குறைகூறுவர். அக்குறையை முற்றும் மறுத்தல் இயலாது. ஆயினும் நற்றிணைத் தோழி விடியலில் விட்டுச்சென்ற பெண்டிரோடு, விடியலுக்குப் பின்னும் வயலில் நின்ற எழுத்தாளர் இவர். அச்சிறப்பை முதலில் எண்ணியபின் குறையை எண்ணுதலே முறை.

குடையும் குடியும்

பழந்தமிழ் நூல்களில் இப்பொருளுக்கு அறவிதி ஏதும் இல்லையோ எனின், உண்டு. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய புறநானூற்று 35ஆம் பாட்டில் அது உள்ளது. மன்னனின் வெண்கொற்றக்குடை வெயிலை மறைத்துக்கொள்வதற்கென ஏந்தப்பட்டதன்று. வருந்திய குடிகளுக்கு நிழல் தருவதற்கே அமைந்தது என்பது புலவர் கருத்து. போரில் பெறும் வெற்றியும் உழுபடையின் பயனே என்று அவர் அறிவுறுத்துகின்றார். அப்பாட்டினால் நிலத்தின் பழைய வரிக்கடன் நீக்கப்பெற்றது என்று அதன் குறிப்பால் அறிகின்றோம்.

இங்கு நிழல் உருவகம்தான். வரிநீக்கம் நிலமுடையோர்க்குச் சென்றது. அவர்தம் வயலில் நின்ற கடையருக்கு எவ்வளவு சென்றது என்பதைப் பாட்டிலிருந்து அறிதல் அரிது. எனினும் ஒரு கருத்து அங்கே ஐயமின்றி நிலைபெற்றுள்ளது. வெயிலைத் தாங்குதல் குடிகளின் திறம் என்று நாகனார் பாடவில்லை. நிழல் தருதல் ஆள்வோன் கடன் என்று பாடினார். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்திற்கு உதவி வழங்க வகைசெய்தது. அவ்வறிவிப்பு எவ்வளவு பயன் தரும் என்பதைக் காலம் காட்டும். ஆனால் அதன் உள்ளே நிற்கும் எண்ணம் காவிரி நாட்டுக்குப் புதியதன்று. அது நாகனார் சோழனிடம் கேட்டதன் தொடர்ச்சியாகும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மருதத்தை எழுதியோர் பலர் நண்பகலின் இரு பக்கத்திலும் நின்றுள்ளமை பெறப்படும். நற்றிணைப் பாட்டு விடியலில் நிற்கின்றது. பொருநராற்றுப்படை வேனிலைக் கண்டு ஆற்றில் இறங்கிவிடுகின்றது. சிலம்பு கண்ணகிக்காகப் பொழுதை இரவாக மாற்றுகின்றது. நந்தன் கதையும் குருதிப்புனலும் இரவை நாடுகின்றன. சேக்கிழார் நிழலைக் காட்டி வெயிலை உணர்த்துகின்றார். நடவுப் பாடல்களும் சேற்றில் மனிதர்களும் நண்பகலுக்குள் நம்மை நிறுத்துகின்றன.

இவற்றிலிருந்து திறனாய்வுக்கு ஓர் அளவுகோலைப் பெறுகின்றோம். வெயிலில் உழைப்பவரை ஒரு நூல் காட்டும்பொழுது, அவர் எவ்வளவு தாங்கினார் என்று அது வியக்கின்றதா, நிழலுக்குச் செல்லவும் பொழுதை மாற்றவும் அவருக்கு உரிமை இருந்ததா என்று அது வினவுகின்றதா என்பதே அவ்வளவுகோல். கண்ணகிக்கு அவ்வுரிமை இருந்தது; அவள் கடந்துசென்ற வயலில் பாடிய கடைசியர்க்கு இல்லை. இருவர் உடலும் ஒரே தன்மையன. வேறுபட்டது உரிமை ஒன்றே.

திருவாரூர் மாணவரின் வினாவுக்கு நற்றிணையில் இன்றும் விடை இல்லை. அப்பாட்டு விடியலோடு முடிந்துவிடுகின்றது; அஃது அதன் மரபு. ஆயின் அதனைப் பாடஞ் சொல்வோர்க்கு அவ்விடத்தில் முடிக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இப்பொழுதெல்லாம் அப்பாட்டை நடத்தும் நாளில், உள்ளுறையைக் கூறியபின், அவ்வினாவையும் யாமே மாணவர்முன் வைக்கின்றோம். ஒவ்வோராண்டும் வகுப்பில் ஒருவரேனும், தம் வீட்டில் அறிந்த நேரத்தை, விடையாகச் சொல்லிவிடுகின்றார்.